நாற்பது பேர் கூடும் மாலை விருந்தில் ஹாம், சீஸ் வைத்த பாவ் ரொட்டியைச் சூடு ஆறாமல் பரிமாறுவது எப்படி?

கேள்வி: செம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமையன்று என் பெற்றோரின் திருமணப் பொன்விழா நடைபெறுகிறது. மாலைத் திருப்பலி ஏழு மணிக்கு முடியும். அதன்பின் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் உறவினரும் அண்டை வீட்டாருமாக நாற்பது பேர் கூடுகிறோம். ஒன்பது மணிக்குப் பிரியாணி வெளியிலிருந்து வந்துவிடும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை கையில் எடுத்து உண்பதற்கு, ஓவனில் சுட்ட ஹாம், சீஸ் சாண்ட்விச்சுகளை நானே செய்து பரிமாற ஆசைப்படுகிறேன். தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு வந்த புதிதில், துறைமுகப் பணியின்போது ஒரு கப்பலின் சமையலறையில் யாரோ கொடுத்த சூடான ஹாம் சாண்ட்விச்சைப் பற்றி அப்பா இன்றும் பேசுவார். அதனால்தான் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

சென்ற ஞாயிறன்று பன்னிரண்டு பாவ்களை (மும்பையின் சிறு மென்ரொட்டிகள்) வைத்து ஒரு முன்னோட்டம் செய்து பார்த்தேன். மேற்புறம் காய்ந்து விறைத்துவிட்டது. அடிப்புறமோ ஈரமேறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. ஹாமிலிருந்து நீர் கசிந்து தட்டில் தேங்கியது. ஒன்றை முழுதாக உண்டு முடிப்பதற்குள் தண்ணீர் தேட வேண்டிய அளவுக்கு உப்பும் மிகுந்திருந்தது. என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி, அதாவது மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன். அதில் ஒரு முறைக்கு ஆறு பாவ் கொண்ட இரண்டு அடுக்குகள்தான் கொள்ளும். விருந்தினரில் எட்டுப் பேர் சைவம். ஓர் இஸ்லாமியக் குடும்பத்தினர் நால்வரும் வருகிறார்கள். எதை எந்த நேரத்தில் செய்வது, எவ்வளவு வாங்குவது, எல்லாருக்கும் சூடாகக் கிடைக்க என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பாந்த்ரா அடுப்படி

சகோதரிக்கு வணக்கம். எங்கள் ஆலயப் பங்கின் விழாக்களுக்கு இதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் முன்னோட்டத்தில் நேர்ந்த குறைகள் அனைத்தும் தொடக்கத்தில் எனக்கும் நேர்ந்தவையே. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓவன் காரணமன்று. ஓவனுக்குள் போகும் முன் நாம் செய்யத் தவறுவதுதான் காரணம்.

முதலில் ஹாமைப் பற்றிச் சொல்கிறேன். பன்றியின் பின்னங்கால் இறைச்சியை உப்பு நீரில் ஊறவைத்து வேகவைத்ததே கடைகளில் மெல்லிய துண்டுகளாக அடைத்து விற்கப்படும் ஹாம். விலை குறைந்த வகைகளில் உப்பு நீரை இறைச்சிக்குள் செலுத்தி எடையைக் கூட்டியிருப்பார்கள். சூடு பட்டவுடன் அந்த நீர் வெளியேறித்தான் உங்கள் தட்டில் தேங்கியிருக்கிறது. உறையின் மேல் உள்ள பட்டியலில் நீர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். எதை வாங்கினாலும் துண்டுகளைப் பிரித்துத் தூய பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். இன்னும் நல்ல வழி ஒன்றுண்டு: எண்ணெய் இடாத தோசைக்கல்லில் ஒவ்வொரு துண்டையும் அரை நிமிடம் புரட்டி எடுத்து, முழுவதும் ஆறவிட்ட பிறகே அடுக்க வேண்டும். நீர் வற்றுவதோடு, ஓரங்களில் இலேசாகச் சிவந்து மணமும் கூடும். இதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு மற்ற எதைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

உப்பு மிகுந்ததற்குக் காரணம், ஹாம், சீஸ், வெண்ணெய் மூன்றிலும் தனித்தனியாக உப்பு இருப்பதுதான். ஹாமின் உப்பை நம்மால் குறைக்க முடியாது. எனவே உப்பிடாத வெண்ணெயை வாங்குங்கள். சீஸையும் முழுக்கப் பதப்படுத்திய துண்டுகளாக வைக்காமல், பாதிக்கு மொசரெல்லாவைத் துருவிச் சேருங்கள். அதில் உப்பு குறைவு. பதப்படுத்திய சீஸில் சேர்க்கும் உப்புச் சேர்மங்கள் கொழுப்பும் நீரும் பிரியாமல் காப்பதால், அது எண்ணெய் விடாமல் மெதுவாக இளகும், மொசரெல்லா இழுபடும். அடியில் ஒரு சீஸ் துண்டு, அதன்மேல் ஹாம், அதற்கும் மேல் ஒரு மேசைக்கரண்டி மொசரெல்லா என்று அடுக்கினால், இளகிய சீஸ் இருபுறமும் ஹாமைப் பிடித்துக்கொள்ளும். கடிக்கும்போது ஹாம் மட்டும் உருவிக்கொண்டு வராது. ஹாமைத் தட்டையாக விரிக்க வேண்டாம். தளர்வாக மடித்து வைத்தால் மடிப்புகளுக்கிடையே சூடு எளிதாக ஏறும்.

இனி பாவ். மும்பையில் வாழும் நமக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. ஆறு ஆறாக ஒட்டியபடி கிடைக்கும் லாதி பாவைப் பிரிக்காமல், ரம்பப் பல் கத்தியால் குறுக்கே ஒரே வெட்டாக அறுத்தால், மேலும் கீழும் இரண்டு முழுப் பலகைகள் கிடைத்துவிடும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் உள்ளிருக்கும் ஈரம் காயாது. அப்போதுதான் வந்த சூடான பாவை அறுக்க முயன்றால் பிய்ந்துபோகும். காலையில் வாங்கி மாலையில் அறுப்பது நல்லது. ப்ரூன் பாவ் இதற்கு ஏற்றதன்று. அதன் ஓடு மீண்டும் சுடும்போது பல்லை வருத்தும். அறுத்த கீழ்ப்பலகையின் உட்புறத்தில் வெண்ணெயைக் கரைவரை மெல்லப் பூசி, ஓவனில் ஐந்து நிமிடம் வாட்டி, ஆறவிட்டுப் பிறகு அடுக்குங்கள். அந்த வெண்ணெய்ப் படலமும் வாட்டிய மேற்பரப்பும் சேர்ந்து கசிவைத் தடுக்கும்.

சுடுவதற்கு 175 டிகிரி செல்சியஸ் போதும். முதல் 15 நிமிடம் அலுமினியத் தாளால் மூடியும், கடைசி 5 நிமிடம் திறந்தும் வையுங்கள். தாள் சீஸைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடுவில் சற்றே குடைபோல உயர்த்தி மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்ததாக இருந்தால் மூடிய நேரத்தில் மேலும் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பாவின் மேற்புறம் விறைத்ததற்குத் தொடக்கம் முதலே திறந்து சுட்டதுதான் காரணமாக இருக்கும்.

அளவைப் பொறுத்தவரை, பின்னால் பிரியாணி வருவதால் ஆளுக்கு இரண்டுக்கும் குறைவாகவே போகும். ஹாம் உண்ணும் இருபத்தெட்டுப் பேருக்கு 48 பாவ், அதாவது நான்கு தட்டுகள் போதும். பாவ் ஒன்றுக்கு 25 கிராம் வீதம் 1,200 கிராம் ஹாம் வாங்குங்கள். 20 கிராம் சீஸ் துண்டுகள் 48 தேவைப்படும். பத்துத் துண்டு கொண்ட உறைகள் ஐந்து வாங்கினால் சரியாக இருக்கும். மொசரெல்லா அரைக் கிலோ.

பதில்: முத்துநகர்

மேலே கூறிய அன்பரின் விளக்கம் மிக நன்று. நான் மேற்புறம் ஊற்றும் கலவையைப் பற்றி மட்டும் கூற விரும்புகிறேன். ஏனெனில் இந்தச் சிற்றுண்டியின் சுவையில் பாதி அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இதை ஹவாய்த் தீவின் இனிப்பு ரொட்டியில் செய்கிறார்கள். 1878 முதல் மடெய்ரா, அசோரஸ் தீவுகளிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குச் சென்ற போர்ச்சுக்கீசியர்கள் தங்களோடு கொண்டுபோன இனிப்பு ரொட்டியிலிருந்து பிறந்தது அது. நம் பாவும் போர்ச்சுக்கீசியர் வழியாகவே கோவாவுக்கு வந்து, கோவாவின் ரொட்டிக்காரர்களோடு பம்பாய்க்குக் குடியேறியது. எனவே இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றே கொள்ளலாம். ஆனால் அந்த ரொட்டியின் இனிப்பு நம் பாவில் இல்லை. ஹாமின் உப்புக்கு ஈடுகொடுப்பது அந்த இனிப்புதான். ஆகவே நாம் அதைக் கலவையில் சேர்க்க வேண்டும்.

பன்னிரண்டு பாவ்களுக்கு, உருக்கிய உப்பிடாத வெண்ணெய் 60 கிராம், கடுகு சாஸ் ஒரு மேசைக்கரண்டி, தூளாக்கிய வெல்லம் இரண்டு தேக்கரண்டி, பொன்னிறமாக வதக்கிய சிறிய வெங்காயம் ஒன்று, வூஸ்டர் சாஸ் ஒரு தேக்கரண்டி என்று நான் சேர்க்கிறேன். கடைசியாகக் கசகசாவை மேலே தூவுவேன். கடுகின் காரம் வேண்டுவோர் வங்காளத்துக் கடுகு விழுதான காசுந்தியைப் பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கு அது மூக்கில் ஏறும். இங்கிலாந்தில் 1837 முதல் விற்கப்படும் வூஸ்டர் சாஸின் புளிப்பில் நம் ஊர்ப் புளிக்கும் பங்குண்டு என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அதில் நெத்திலி இனத்து மீனும் சேர்வதால், சைவத் தட்டுகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. பச்சைக் குறியிட்ட வகை கிடைக்காவிட்டால், கெட்டியான புளிக்கரைசலில் சிறிது சோயா சாஸும் வெல்லமும் கலந்து கொதிக்கவைத்துக் கொள்ளுங்கள்.

முந்தைய இரவே இந்தக் கலவையை ஊற்றி வைத்துவிட்டால் பாவ் முழுவதும் சுவை இறங்கும் என்பது என் அனுபவம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: பாந்த்ரா அடுப்படி

முத்துநகர் ஐயா அவர்களின் கருத்தில் இறுதிப் பகுதியை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். இனிப்பு ரொட்டியில் முட்டையும் வெண்ணெயும் மிகுதி; அதனால் அது இரவு முழுவதும் ஊறினாலும் தாங்கும். நம் பாவில் அந்தக் கொழுப்பு இல்லாததால் அது பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். அடுக்கும் வேலையை முந்தைய இரவே முடித்து, நன்றாக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது சரி. கலவையை ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்தான் ஊற்ற வேண்டும். சகோதரி இரண்டு வகையாகவும் ஆறு ஆறு பாவ் செய்து பார்த்துத் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

பதில்: மாட்டுங்கா வாசகி

நாங்கள் சைவக் குடும்பம். இத்தகைய விருந்துகளுக்கு அழைப்பு வரும்போது, எங்களுக்கென்று தனியாக ஏதேனும் செய்திருப்பார்களா என்பதைவிட, அது தனியாகவே செய்யப்பட்டதா என்ற தயக்கம்தான் எங்களுக்கு முதலில் எழும். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. ஆகவே சைவத் தட்டுகளை முதலில் சுட்டு முடியுங்கள்; அதன்பின் ஹாம் தட்டுகள் ஓவனுக்குள் செல்லட்டும். கத்தி, பலகை, கலவை பூசும் தூரிகை, இடுக்கி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். மேசையிலும் இரண்டு தட்டுகளை அருகருகே வைக்காமல் இரு முனைகளில் வைத்து, தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டால், யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

உள்ளே வைப்பதற்கு, காளானை மிளகுத் தூளோடு நீர் வற்றும் வரை வதக்கிச் சேர்த்தால் ஹாமுக்கு நிகரான அழுத்தமான சுவை கிடைக்கும். காளான் உண்ணாதவர்களும் எங்களில் பலர் இருப்பதால், ஒரு தட்டில் வேகவைத்த மக்காச்சோளமும் குடைமிளகாயும் இருக்கட்டும். இஸ்லாமிய விருந்தினருக்கும் இதே சைவத் தட்டுகள் பொருந்தும்; கோழி ஹாம் வாங்கினால் அது ஹலால்தானா என்று பார்க்க வேண்டிய கூடுதல் பொறுப்பு வரும். எப்படியும் உங்களுக்கு 24 சைவப் பாவ்கள் தேவைப்படும் என்று எண்ணுகிறேன்.

தொடர் கேள்வி: செம்பூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் மொத்தம் ஆறு தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். என்னிடம் இருப்பதோ ஒன்றரை மணி நேரம். திருப்பலிக்கு முன்பே எல்லாவற்றையும் அரைப்பதமாகச் சுட்டு வைத்து, வந்தபின் மீண்டும் சூடாக்கலாமா? அல்லது எங்கள் தெருமுனைப் பேக்கரியின் பெரிய அடுப்பில் ஒரே முறையில் சுட்டுத் தரும்படி கேட்கலாமா? கிறிஸ்துமஸ் கேக் மாவை அம்மா அங்கேதான் கொடுத்துச் சுட்டு வாங்குவார்.

பதில்: பாந்த்ரா அடுப்படி

அரைப்பதமாகச் சுடுவதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும். அந்த நிலையில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. மும்பையின் புழுக்கத்தில் இதை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றுவது நல்லது. பெட்டியில் குளிர்ந்து இருக்கட்டும். அங்கிருந்து நேரே ஓவனுக்குச் செல்லட்டும். இடையில் வெளியே காத்திருக்க வேண்டாம். விருந்தினரில் கருவுற்ற பெண்கள் இருந்தால், அவர்களுக்கான பாவை உள்ளே ஆவி பறக்கும் அளவுக்குச் சுட்டுக் கொடுங்கள். ஹாம் போன்ற குளிர்ந்த இறைச்சியில் லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் இதை வலியுறுத்துகிறார்கள்.

பேக்கரியைப் பொறுத்தவரை, முதலில் அதை நடத்துபவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்நகரில் பாவ் சுடும் பேக்கரிகள் பலவற்றில் உரிமையாளரும் தொழிலாளரும் இஸ்லாமியர்கள். அவர்களுடைய அடுப்புக்குள் பன்றி இறைச்சியைக் கொண்டுபோவது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். சொல்லாமல் மூடிக் கொடுத்துச் சுட்டு வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. கேக் மாவுக்கு அவர்கள் காட்டிய அன்பை இதற்கும் எதிர்பார்க்கக் கூடாது. தாமே பன்றி இறைச்சிப் பண்டங்கள் விற்கும் கோவாக்காரர் பேக்கரி எதுவும் அருகில் இருந்தால் அங்கே கேட்கலாம். அங்கும் முன்கூட்டியே நேரில் சென்று பேசி வாருங்கள். மும்பை உயர் நீதிமன்றத்தின் 2025ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின் விறகு அடுப்புகளை மாற்ற வேண்டியிருப்பதால், நாம் பழகிய பெரிய அடுப்பு இப்போது இல்லாமலும் இருக்கலாம்.

உண்மையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரிமாற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. சூடான பாவ் தட்டில் வைத்த பத்து நிமிடத்தில் ஆறத் தொடங்கும், சீஸ் இறுகும். பன்னிரண்டு பன்னிரண்டாக இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், முதலில் வந்தவரும் தாமதமாக வந்தவரும் ஒன்றுபோலச் சூடாக உண்பார்கள். இன்னும் ஓர் ஓவனை மட்டும் எங்கேனும் இரவல் பெறுங்கள். ஒன்றைச் சைவத்துக்கென்றே ஒதுக்கிவிட்டால் மாட்டுங்கா சகோதரி கூறியதும் நிறைவேறிவிடும்.

பதில்: தாராவி தோசைக்கல்

ஓவன் இரவல் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். எங்கள் வீட்டில் ஓவனே இல்லை. கனமான இரும்புத் தோசைக்கல்லில்தான் இதைச் செய்கிறோம். கல்லை மிதமாகச் சூடாக்கி, சிறிது வெண்ணெய் தடவி, ஆறு பாவ் கொண்ட அடுக்கை அப்படியே வைத்து, உயரமான பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடி, மிகச் சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் விட்டால், அடி மொறுமொறுப்பாகவும் உள்ளே சீஸ் இளகியும் வந்துவிடும். மூடியின் உட்புறத்தில் சேரும் நீர் பாவின்மேல் சொட்டாதபடி, பாதியில் ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும். மேற்புறம் சிவக்காது என்பது ஒன்றே குறை.

இன்னொரு எச்சரிக்கை. கூடத்தில் ஓவனை வைப்பதானால் மின் இணைப்பை முன்னரே பாருங்கள். 6 ஆம்பியர் இணைப்பு ஏறத்தாழ 1,380 வாட் வரைதான் தாங்கும். 28 லிட்டர் ஓவன்கள் பெரும்பாலும் அதற்கு மேல் இழுப்பவை. 16 ஆம்பியர் இணைப்பு தேவை. ஒரே இணைப்பிலிருந்து நீட்டிப்புக் கம்பி போட்டு இரண்டு ஓவன்களை இயக்கவே கூடாது.

விழாவுக்குப் பின்: செம்பூர்வாசி

விழா நேற்று முடிந்தது. உங்கள் அனைவரின் பேருதவிக்குப் பிறகு நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை.

முன்னதாக ஒரு ஞாயிறன்று இரவே கலவை ஊற்றியதையும், சுடும் முன் ஊற்றியதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரவே ஊற்றியதன் மேற்புறம் உண்மையிலேயே சுவை மிகுந்திருந்தது. முத்துநகர் ஐயா கூறியது மிகையன்று. ஆனால் அடிப்பாகம் கையில் எடுத்தவுடன் தொய்ந்தது. ஆகவே கலவையை மேற்பலகையின்மீது மட்டும், ஓவனில் வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு பூசினேன். தட்டில் வழிய விடவில்லை. அதுவரை அடுக்குகள் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தன.

ஹாமைத் தோசைக்கல்லில் வாட்டும் வேலைக்கு மட்டும் வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தையும் நானும் மாறி மாறிச் செய்தோம். அது வீண்போகவில்லை, நான்கு தட்டுகளிலும் ஒரு துளி நீர்கூடத் தேங்கவில்லை. உப்பைக் குறித்தும் யாரும் குறை கூறவில்லை.

சைவ ஓவனைக் கூடத்திலும் மற்றொன்றை முதல் மாடியில் எங்கள் வீட்டிலும் வைத்தோம். இரண்டாவது சுற்றின்போது கூடத்தில் யாரோ தேநீர்க் கொதிகலனை அதே மின்தடத்தில் இணைத்துவிட, மின்சாரம் துண்டித்துவிட்டது. சோளம் வைத்த தட்டு பாதிச் சூட்டில் நின்றது. அதை உடனே மேலே எடுத்துச் சென்று, சைவத்துக்கென்று தனியாக வைத்திருந்த கல்லில் தாராவி அன்பர் கூறியபடி மூடி வைத்தோம். பத்து நிமிடத்தில் தட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது. மேற்புறம் சிவக்காததை யாரும் பொருட்படுத்தவில்லை. மாறாக, அந்த மொறுமொறுப்பான அடிப்பாகத்தை எங்கள் மாட்டுங்கா விருந்தினர் இருவர் தனியே பாராட்டினார்கள்.

அளவு ஏறத்தாழச் சரியாக இருந்தது; ஹாம் பாவ் மூன்று மட்டுமே மீந்தன. அவற்றை உடனே பெட்டியில் வைத்துவிட்டேன். இன்று காலை அவற்றைக் கல்லில் ஆவி பறக்கச் சூடாக்கி அப்பாவிடம் கொடுத்தபோது, அந்தக் கப்பலில் உண்டதில் கசகசா இல்லை என்றும், கடுகு இன்னும் கூடுதலாக இருந்தது என்றும் நினைவுகூர்ந்தார். அடுத்த முறை அவருக்கென்று ஒரு தட்டில் காசுந்தியே வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.